பேண்ட் மாஸ்டரின் கணையம்

அன்று பகல் பேண்ட் மாஸ்டர் வெட்டுமேசை மேல் கவிழ்ந்து நின்றதைக் கடையில் ஒருவரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இருபது வருடமாக அவர் நிற்கும் நிலையே அதுதான். விரித்த துணியில் முழங்கையை ஊன்றி, மூக்கு துணியில் உரசும் அளவுக்குக் குனிந்துதான் கோடு போடுவார். கண்ணாடி போட்டுக்கொள்ளச் சொன்னால் பொல்லாத கோபம் வரும். ஆகவே குனிந்த மனிதரைப் பார்த்தவர்கள் வேலை மும்முரம் என்று விட்டுவிட்டார்கள். தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. முதலாளி போனில் யாரிடமோ, நாளை சாயங்காலம் கண்டிப்பாக ரெடி என்று தலையிலடித்துச் சத்தியம் செய்துகொண்டிருந்தார்.

எதிர் மேசையில் நின்ற சட்டை மாஸ்டருக்குத்தான் முதலில் உறுத்தியது. கையில் சாக்கட்டி இருக்கிறது, கை நகரவில்லை. துணியில் ஒரு சொட்டு ஈரம் விழுந்தது. பிறகு இன்னொன்று.

"யோவ் பேண்ட்டு, துணியை நனைச்சு சுருங்குதான்னு பாக்கறியா?"

கிட்டே போய்த் தோளைத் தொட்டதும், "நிமித்தாதய்யா, குனிஞ்சிருந்தா கொஞ்சம் தேவலை" என்று பல்லைக் கடித்தபடி சொன்னார் பேண்ட் மாஸ்டர்.

நெஞ்சுக்குழிக்குக் கீழே பிடித்த வலி, ஆணி அடித்தது போல முதுகு வரைக்கும் ஊடுருவி நின்றது. நிமிர்ந்தால் உயிர் போனது, குனிந்தால் போன உயிரில் பாதி திரும்பி வந்தது. காலையிலேயே ஆரம்பித்த வலிதான். வாயு என்று நினைத்து ஒரு சோடாவை ஊற்றிவிட்டு, அந்த வலியோடேயே இரண்டு பேண்ட் வெட்டி முடித்திருந்தார். அந்த இரண்டும் ஒரு நூல்கூடப் பிசகாமல் இருந்ததைப் பிற்பாடு பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டார்.

அப்படிப்பட்ட ஆள் அவர். சும்மா உட்காருவது என்பது அவர் உடம்புக்குத் தெரியாத வித்தை. டீயை நின்றுகொண்டு குடிப்பார், சாப்பாட்டை அரைகுறையாக உட்கார்ந்து சாப்பிடுவார், பஸ்ஸில் இடம் கிடைத்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி நிற்பார். வெந்நீரைக் காலில் கொட்டிக்கொண்டு பிறந்தவர் என்று மனைவி சொல்வாள். கடையில் பேண்ட் வெட்ட ஒரே ஒரு மேசைதான். அது அவருடையது என்று எங்கும் எழுதி வைத்திருக்கவில்லை. இருபது வருடம் அங்கே வேறொருவர் நின்றதில்லை, அவ்வளவுதான் அவருக்கிருந்த பட்டா.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் பார்த்தார்கள். கணையம் வீங்கியிருக்கிறது என்றார்கள். வந்தவர் போனவரெல்லாம் கேட்ட முதல் கேள்வி, "குடிப்பீங்களா?" வாசலில் இருந்த டாக்டர் கேட்டார், ஊசி போட வந்த நர்ஸ் கேட்டாள், பெரிய டாக்டரம்மாவும் கேட்டார். கேள்வி தப்பில்லை, இந்த நோய்க்குக் குடி ஒரு பெரிய காரணம். ஆனால் மூன்றாவது தடவை மனைவி திரும்பி அவர் முகத்தைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அது வயிற்று வலியைவிட அதிகமாகக் குத்தியது. அதற்குள் கடையிலும் கதை பரவிவிட்டது. பேண்ட் மாஸ்டர் ரகசியமாக ஊற்றிக்கொள்வாராம், அதுதான் உள்ளே வெந்துவிட்டதாம். சட்டை மாஸ்டர் மெஷின்காரர்களைப் பார்த்துச் சொன்னாராம், "டீயில சக்கரை ஒரு கரண்டி கூடினாலே தல சுத்துதுங்கற ஆளு அவன். அவன் குடிகாரன்னா நான் சினிமா ஸ்டாரு."

பித்தப்பையில் கல் இருந்தது. அதில் ஒரு பொடிக்கல் உருண்டு வந்து, பித்தநீரும் கணைய நீரும் சேர்ந்து குடலில் இறங்கும் பொதுவழியை அடைத்திருந்தது. டாக்டரம்மா கட்டில் ஓரத்தில் நின்று மகளிடம் விளக்கினார். மகள் அந்த வம்சத்தில் முதல் முதலாகக் கல்லூரிப் படியேறியவள். எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் விடமாட்டாள். கணையம் இரைப்பைக்குப் பின்னால் குறுக்கே படுத்திருக்கும் ஒரு சுரப்பி. நாம் சாப்பிடுவதைக் கரைக்கிற நீரை அது சுரக்கிறது. அந்த நீர் குடலுக்குப் போன பிறகுதான் வேலையை ஆரம்பிக்க வேண்டும். வழி அடைபட்டால் உள்ளேயே தேங்கி, இருந்த இடத்திலேயே கரைக்க ஆரம்பித்துவிடும். சுரந்த இடத்தையே தின்னும்.

"அதாவது, கத்தரி பிடிச்ச கையையே வெட்டிடுச்சு" என்றார் பேண்ட் மாஸ்டர், கண்ணை மூடியபடியே.

"அப்படியே வெச்சுக்கலாம்" என்றார் டாக்டரம்மா. கல் தானாகவே நழுவிப் போய்விட்டது, ஆனால் வெட்டிய வெட்டு ஆறவேண்டும் என்றும் சொன்னார்.

வலிக்கு மருந்து, நரம்பில் விடிய விடிய நீர். முதலில் வாயில் பச்சைத் தண்ணீர்கூட இல்லை. பிறகு ஒரு மடக்கு, பிறகு கஞ்சி. வலி மட்டுப்பட்டதும் மாஸ்டர் கேட்ட முதல் கேள்வி கடையைப் பற்றித்தான். எத்தனை நாளில் மேசைக்குப் போகலாம்?

"லேசா வந்தவங்க ஒரு வாரம், பத்து நாள்ல வீட்டுக்குப் போயிடுவாங்க. உங்களுக்கு வந்தது லேசும் இல்ல, ரொம்ப மோசமும் இல்ல. கணையத்தைச் சுத்தி நீர் கோத்திருக்கு. ஒண்ணு புரிஞ்சுக்கங்க, வீட்டுக்கு அனுப்பறது வேற, குணமாறது வேற. முழுசா தெம்பு வர மாசக்கணக்கு ஆகலாம்."

"சரிங்க டாக்டர், ஒரு தேதி சொல்லுங்க."

"தேதி சொன்னா அது பொய்யாத்தான் இருக்கும்."

"பரவால்லப்பா, உங்க கடையில சொல்ற தேதியும் அப்படித்தானே" என்றாள் மகள். படுத்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் மாஸ்டர் சிரித்தார். சிரித்ததும் வலித்தது.

கல் இருக்கும் பையை எடுத்தே ஆகவேண்டும், விட்டால் மறுபடி இதே வரும் என்றார் டாக்டரம்மா. லேசான கேஸாக இருந்தால் இப்போதே எடுத்து அனுப்பியிருப்பார்களாம். உள்ளே நீர் கோத்திருப்பதால் அது அடங்கட்டும், ஒரு மாதம் கழித்து ஸ்கேனுக்கு வாருங்கள் என்று சொல்லிவிட்டார். எண்ணெய் கூடாது, வயிறு முட்டச் சாப்பிடக் கூடாது, சாராயம் கிட்டேயே வரக் கூடாது. கடைசியாகச் சொன்னதற்கு மாஸ்டர் கையெடுத்துக் கும்பிட்டார், மனைவி பக்கம் பார்த்தபடி.

வீட்டில் அவரை வைத்துக் கட்டி மேய்ப்பது பெரும்பாடாகிவிட்டது. இரண்டு அறையும் ஒரு சமையல் மூலையும் உள்ள வீடு. முதல் அறையில் கட்டில். படுத்தால் கூரையைப் பார்ப்பார், உட்கார்ந்தால் தெருவைப் பார்ப்பார், எழுந்தால் கால் நடுங்கும். நாலு எட்டு நடப்பதற்குள் மூட்டை சுமந்தவர் போல மூச்சு வாங்கியது. இது என்ன களைப்பு என்று அவருக்குப் புரியவில்லை. வலி போய்விட்டது, காய்ச்சல் இல்லை, பிறகு எங்கிருந்து வருகிறது இது? காசு வாங்கிக்கொண்டு வேலைக்கு வராத ஆளைத் திட்டுவது போல அவர் தன் காலையே திட்டினார்.

கை மட்டும் அடங்கவில்லை. ஜன்னல் திரைகளை இறக்கி ஓரம் திருத்தினார். தலையணை உறைகளைப் பிரித்துப் போட்டார். மனைவி குளித்துவிட்டு வருவதற்குள் அவளுடைய நல்ல போர்வை ஒன்று இரண்டு சின்னப் போர்வையாகியிருந்தது.

"உங்களுக்கு வந்த வியாதி எனக்கு வந்திருந்தா இந்நேரம் நிம்மதியா படுத்திருப்பேன்" என்றாள் அவள்.

அவருடைய நிலைகொள்ளாமைக்கு ஒரு காரணம் இருந்தது. பள்ளிக்கூடம் திறக்கும் சீசன் நெருங்கிக்கொண்டிருந்தது. சீருடைத் துணி கட்டுக் கட்டாக வந்து இறங்கும். அடுக்கடுக்காக விரித்து வெட்ட வேண்டும். காலி மேசையை வைத்துக்கொண்டு எந்த முதலாளியும் சீசனைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. வேறு கடையிலிருந்து ஒரு ஆளைக் கூட்டி வந்துவிட்டார். வேகமாக வெட்டுவானாம், மெஷின்காரர்கள் அவனுக்கு ஜெட் என்று பெயர் வைத்துவிட்டார்களாம். இதையெல்லாம் சட்டை மாஸ்டர் வாரம் ஒரு தடவை வந்து, ஒப்புக்கு இரண்டு ஆறுதல் வார்த்தையோடு சொல்லிவிட்டுப் போவார். முதலாளியும் ஒருமுறை வந்தார். பழங்களை வைத்துவிட்டு, "உன்னைத் தள்ளலய்யா. நீ வந்துட்டா உன் இடம் உனக்கு. சீசனுக்குள்ள வந்துடுவல்ல?" என்று கேட்டார். வராவிட்டால் என்ன என்பதை அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

அன்று சாயங்காலம்தான் பேண்ட் மாஸ்டர் இஞ்ச் டேப்பைக் கையில் எடுத்தார்.

டாக்டர் தேதி சொல்லாவிட்டால் போகிறது, அளவு பொய் சொல்லாது. நோய் வருவதற்கு முன் அவர் இடுப்பு முப்பத்தாறு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது முப்பத்திரண்டு. பேண்ட் கொடிக்கம்பத்தில் சுற்றிய துணி மாதிரி நின்றது. முப்பத்தாறு திரும்பினால் ஆள் திரும்பிவிட்டான் என்று அர்த்தம். தன் தொழிலில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. தினமும் எழுந்ததும் பல் விளக்குவதற்கு முன்னாலேயே டேப்பைச் சுற்றிவிடுவார். கொஞ்ச நாள் அசையாமல் இருந்தது. பிறகு அரை இஞ்ச் கூடியது. பிறகு ஒன்று. முப்பத்துநாலைத் தொட்ட அன்று மகளைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"உடம்பு திரும்புது பாத்தியா?"

"சாப்பாடே பாதி இறங்கலயேப்பா, எப்படித் திரும்புது?"

"சாப்பிட்டது உடம்புல ஒட்டுது. முன்னெல்லாம் ஓடிட்டே தின்னேன், ஒட்டல."

மகளின் கேள்வியில் விஷயம் இருந்தது. நாலு வாய் சாப்பிட்டதும் கழுத்து வரை நிறைந்தது போலிருக்கும். தட்டைத் தள்ளிவிடுவார். எண்ணெய் காட்டாத தன் சமையல்தான் பிடிக்கவில்லை என்று மனைவி உள்ளுக்குள் நொந்துகொண்டு விதவிதமாக வேகவைத்துப் பார்த்தாள். மாஸ்டருக்கோ அந்த நிறைவு நல்ல அறிகுறியாகப் பட்டது. டாக்டரம்மாவே வயிறு முட்டச் சாப்பிடாதே என்றுதானே சொன்னார்? வயிறு புத்தி கற்றுக்கொண்டது என்று எடுத்துக்கொண்டார். நம்ப வேண்டும் என்று முடிவு செய்துவிட்ட மனிதனுக்குச் சாட்சிக்கா பஞ்சம்?

ஸ்கேனுக்குச் சொன்ன நாள் வந்தபோது டேப்பில் முப்பத்தைந்தரை. டாக்டர் ஊரில் இல்லையாம், அடுத்த வாரம் வரச் சொன்னார்கள் என்று வீட்டில் கூசாமல் ஒரு பொய்யைச் சொன்னார். ஸ்கேன் என்று போனால் எதையாவது பார்ப்பார்கள். பார்த்தால் இன்னும் படு என்பார்கள். சீசன் யாருக்காகவும் படுத்துக் கிடக்காது. முப்பத்தாறு ஆன அன்று காலை பழைய பேண்டை மாட்டி, பெல்ட்டைப் பழைய துளையிலேயே போட்டுக்கொண்டு கடைக்குப் போய் நின்றார்.

கடையே எழுந்து வரவேற்றது. ஜெட் மரியாதையாக மேசையை விட்டு ஒதுங்கி, அயர்ன் பண்ணும் பலகைப் பக்கம் போய் நின்றுகொண்டான். முப்பது வயதுக்காரன், அதிகம் பேசாதவன். அவன் போட்டுவைத்திருந்த கோட்டை மாஸ்டர் குனிந்து பார்த்தார். குறை சொல்ல ஏதாவது கிடைக்காதா என்று தேடினார். கிடைக்கவில்லை. அது அவரை இன்னும் அலைக்கழித்தது. விரித்த துணிமேல் வேகமாகக் கோடு போட்டார். ஒரு அடுக்கு வெட்டி முடிப்பதற்குள் முதுகில் வியர்வை ஆறாக ஓடியது. பொத்தான் தேடுவது போல உள்ளறைக்குப் போய், அட்டைப் பெட்டி மேல் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டு வந்தார். அன்று மட்டும் பொத்தான் தேட நாலைந்து தடவை போனார். அடுத்த நாளும் அப்படியே.

டீ வந்த நேரம். கோப்பையை இரண்டு மடக்குக்கு மேல் இறக்க முடியாமல் ஓரமாக வைத்துவிட்டு, மாஸ்டர் தன் பிரதாபத்தை ஆரம்பித்தார். டாக்டர்கள் மாசக்கணக்கு என்றார்களாம். அவர் கணக்கு முடிந்துவிட்டதாம். முப்பத்திரண்டுக்கு இறங்கிய இடுப்பு முப்பத்தாறுக்கு வந்துவிட்டதாம், வேண்டுமானால் அளந்து பார்த்துக்கொள்ளலாம்.

சட்டை மாஸ்டர் அளக்கவில்லை. டீயை உறிஞ்சிக்கொண்டே அவர் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேண்ட் மாஸ்டர் போட்டிருந்தது சட்டை மாஸ்டர் வெட்டிக் கொடுத்த சட்டைதான். மேல் பொத்தான் போட்டால் காலருக்குள் இரண்டு விரல் நுழையும்படி வெட்டியது. இப்போது உள்ளே ஒரு கையையே விடலாம் போலிருந்தது. தோள் தையல் புஜத்தில் வழிந்து கிடந்தது.

இந்த இருவருக்கும் நடுவே ஒரு பழைய வழக்கு உண்டு. பேண்ட் என்பது என்ன, இரண்டு குழாயைச் சேர்த்தால் பேண்ட் என்பார் சட்டை மாஸ்டர். சட்டை என்பது கை வைத்த கோணிப்பை என்பார் இவர். இடுப்புக்கு மேலே இருப்பது என் எல்லை, கீழே இருப்பது உன் எல்லை என்று மனித உடம்பைப் பாகப்பிரிவினை செய்துகொண்டு வாழ்ந்தவர்கள். அந்த எல்லையை அன்றைக்குச் சட்டை மாஸ்டர் தாண்டினார். கோப்பையை வைத்துவிட்டு எழுந்து வந்து, கேட்காமலே டேப்பைப் பேண்ட் மாஸ்டரின் கழுத்தில் சுற்றினார்.

"என்னய்யா பண்ற?"

"சும்மா நில்லு." கழுத்து, தோள், புஜம், மார்பு. ஒவ்வொன்றையும் அளந்தார். எழுதிக்கொள்ளவில்லை. இருபது வருடமாகச் சட்டை வெட்டிக் கொடுத்த உடம்பு, பழைய அளவெல்லாம் மனப்பாடம். முடித்ததும் டேப்பை மெதுவாகச் சுருட்டினார். குரலில் கிண்டல் போய்விட்டிருந்தது.

"இடுப்பு உன்னோடது. கழுத்து யாரோடதுய்யா?"

"இளைச்சிருக்கேன். வரும்."

"வந்தா எல்லாம் சேந்து வரும். இடுப்பு மட்டும் தனியா பஸ் ஏறி வருமா? மார்ல சதை இல்ல, கையில எலும்பு தெரியுது, வயித்துல மட்டும் நாலு இஞ்ச் ஏறியிருக்கு. இது சதையில்லய்யா. வேற என்னமோ. டாக்டர் எப்போ வரச் சொன்னாங்க?"

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஜெட்டும்தான். பேண்ட் மாஸ்டருக்கு மானம் போனது போலிருந்தது. வாய்க்கு வந்ததைச் சொன்னார். சொல்லக் கூடாததையும் சொன்னார். இவனை உள்ளே கொண்டுவந்ததே நீதானே, என்னைப் படுக்க வைத்துவிட்டு மேசையை இவனுக்கு எழுதிக் கொடுக்கப் பார்க்கிறாயா என்று கேட்டார்.

சட்டை மாஸ்டர் முகம் ஒரு கணம் கறுத்தது.

"உன் மேசையை வெச்சு நான் என்னய்யா பண்ணப் போறேன்? எனக்குப் பேண்ட்டே வெட்டத் தெரியாது" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போனார்.

பேண்ட் மாஸ்டர் அதன் பிறகு அரைமணி நேரம் வீம்புக்கு நின்றார். பிறகு யாரிடமும் சொல்லாமல் இறங்கி நடந்தார். பஸ்ஸில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததை அவரே கவனிக்கவில்லை. வயிற்றின் மேல் பக்கம், விலாவுக்குக் கீழே, கை தானாகப் போய் நின்றது. கெட்டியாக இருந்தது. சதை இப்படி இருக்காது, சதை கையில் பிடிபடும். எத்தனை தொப்பைகளைச் சுற்றி டேப் போட்டிருக்கிறார் அவர். தொங்கும் தொப்பை, பக்கவாட்டில் வழியும் தொப்பை, பெல்ட்டுக்கு மேல் உட்காரும் தொப்பை. இது எதிலும் சேரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு தொடையை அளந்தார். கழுத்தும் தோளும் சட்டைக்காரன் எல்லை என்றால், தொடை அவருடைய எல்லைதானே? பேண்ட் வெட்டுகிறவன் இடுப்புக்கு அடுத்தபடி அளப்பதே தொடையைத்தான். இத்தனை நாளில் அதை ஒரு தடவைகூட அவர் அளக்கவில்லை. டேப் சுற்றி வந்து முடிந்த இடத்தைப் பார்த்தார். அது ஒரு பள்ளிக்கூடப் பையன் தொடை. சீருடைக்கு அளவு கொடுக்க வருகிறவர்களில் ஒருவன் தொடை.

கதவைத் திறந்து மனைவியைக் கூப்பிட்டார். டாக்டர் ஊரில்தான் இருக்கிறார், நான்தான் பொய் சொன்னேன் என்றார். அவள் அடுப்பை அணைத்துவிட்டுச் செருப்பைத் தேடினாள்.

ஸ்கேனில் தெரிந்தது ஒரு பை. கணையத்தைச் சுற்றிக் கோத்திருந்த நீர் அடங்காமல், இரைப்பைக்குப் பின்னால் ஒன்றுகூடி, தன்னைச் சுற்றிச் சவ்வு கட்டிக்கொண்டு ஒரு பையாகிவிட்டது. அதுதான் இரைப்பையை முன்னால் தள்ளிக்கொண்டிருந்தது. நாலு வாயில் நிறைந்ததும், டேப்பில் ஏறியதும் அதன் வேலை. மாஸ்டர் தினமும் காலையில் எழுந்து சந்தோஷமாக அளந்துகொண்டிருந்தது அதைத்தான்.

டாக்டரம்மா திட்டினார். கொஞ்சமாகத்தான் திட்டினார். பிறகு உட்கார்ந்து சொன்னார். இந்த மாதிரிப் பை நிறையப் பேருக்குத் தானாகவே வற்றிவிடும், தொந்தரவு இல்லாவிட்டால் தொடவே மாட்டோம். இவருக்குச் சாப்பாட்டைத் தடுக்கிறது, வளர்ந்தும் இருக்கிறது. வற்றாவிட்டால் வாய் வழியாகக் குழாய் விட்டு, இரைப்பைக்குள்ளேயே அதற்கு ஒரு வழி திறந்துவிட வேண்டும். ஆனால் உடனே இல்லை. பையின் சுவர் கெட்டிப்படவேண்டும், அதற்கு இன்னும் சில வாரம்.

"இன்னுமா?" என்றார் மாஸ்டர்.

"பழுக்காத கட்டியை யாராவது கீறுவாங்களா? உள்ள ஒழுகினா ஆபத்து. காய்ச்சல் வந்தாலோ, வலி திரும்பினாலோ, வாந்தி நிக்காம வந்தாலோ அந்த நிமிஷமே வரணும். இல்லன்னா காத்திருக்கணும். உங்களுக்கு மருந்தே இப்போ அதுதான்."

ஓடு என்றால் ஓடுவார், வெட்டு என்றால் வெட்டுவார். காத்திரு என்பதை என்ன செய்வது? வரும் வழியெல்லாம் மனைவியின் கைப்பையின் வாரைப் பிடித்து முறுக்கிக்கொண்டே வந்தார். வீட்டு வாசலில் சட்டை மாஸ்டர் நின்றுகொண்டிருந்தார்.

"உள்ள ஒரு பை இருக்காம்" என்றார் பேண்ட் மாஸ்டர்.

"பாக்கெட்டா? சொல்லியிருந்தா நானே வெச்சுக் கொடுத்திருப்பேனே" என்றார் சட்டை மாஸ்டர். மன்னிப்பு கேட்பது, கொடுப்பது எல்லாம் அதோடு முடிந்தது.

சீசன் அவர் இல்லாமலே வந்தது, அவர் இல்லாமலே போனது. காலை நேரத்தில் வீட்டு முன்னால் புதுச் சீருடைப் பிள்ளைகள் கூட்டமாக நடந்து போவார்கள். அவர் ஜன்னலோரம் நின்று பேண்டுகளையே பார்ப்பார். விழும் அழகைப் பார்த்தால் ஜெட் வெட்டியது எது, வேறு கடையில் வெட்டியது எது என்று தெரிந்தது. அவனுடையது நன்றாகவே விழுந்தது. பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. ஓரிரு தடவை செருப்பை மாட்டித் தெருமுனை வரை போய், மகள் எதிரே வருவதைக் கண்டு, உப்பு வாங்க வந்ததாகச் சொல்லித் திரும்பினார். வீட்டில் உப்பு மலை மாதிரி சேர்ந்துவிட்டது. இஞ்ச் டேப்பை மகள் எடுத்து ஒளித்துவைத்துவிட்டாள். அவர் தேடவில்லை.

பை வற்றவில்லை. நாள் பார்த்துக் குழாய் விட்டு வழி திறந்தார்கள். இரண்டே நாளில் ஒரு தட்டு முழுக்கச் சாப்பிட்டார். மனைவி சமையலறைக்குள் போய்ச் சத்தமில்லாமல் அழுதாள், தன் சமையல் மேல் குற்றமில்லை என்று தெரிந்த அழுகை. இடுப்பு முப்பத்தொன்றுக்கு வந்தது. இந்தத் தடவை அதுதான் நல்ல செய்தி. அதன் பிறகு உடம்பு கொஞ்சம் தேறியதும், கல்லோடு பித்தப்பையையும் எடுத்தார்கள். சிறு துளைகள் போட்டுச் செய்தது, தழும்பைப் பார்த்தால் பொத்தான் தைத்து எடுத்த இடம் போல இருந்தது. ஆனாலும் களைப்பு என்ற அந்தப் பிசாசு போகவில்லை. ஒருநாள் நன்றாக இருப்பார், மறுநாள் துவைத்த துணி போலக் கிடப்பார். முந்தாநாள் நடந்த தூரம் இன்றைக்கு முடியாது. மேலே ஏறும் கோடாக இல்லாமல், கோணல் மாணலாக ஏறியது குணம். இதுதான் அவரை அதிகம் படுத்தியது. தன் உடம்பை அவரால் நம்ப முடியவில்லை.

முதலாளி மறுபடி பேச வந்தார். ஜெட்டை அனுப்ப முடியாது என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். காலை வேளை மட்டும் நீ வா, மேசை மத்தியானம் வரை உன்னுடையது, பிறகு அவனுடையது. மாஸ்டர் ஒரு நாள் முழுக்க வீட்டுக்கும் வாசலுக்குமாக நடந்தார். தெருமுனைக் கடைக்கு உதிரி வேலைக்குப் போகலாம் என்றார், வீட்டிலேயே வெட்டலாம் என்றார், அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்றார். மனைவி எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. மறுநாள் காலை சவரம் செய்துகொண்டு கிளம்பினார்.

ஒரு ஸ்டூல் போட்டுவைத்திருந்தார்கள். அதில் அரைமனதாக ஒட்டிக்கொண்டு வெட்டினார். சில வாரம் அப்படியே போனது. உள்ளறைக்குப் பொத்தான் தேடப் போகும் நாடகத்தை விட்டுவிட்டார். மூச்சு வாங்கினால் எல்லார் முன்னாலும் வாங்கினார்.

ஒருநாள் வாடிக்கைக்காரர் ஒருவர் விலை உயர்ந்த கம்பளித் துணி கொண்டுவந்தார். இவர் கையால்தான் வெட்ட வேண்டும் என்று பிடிவாதம். கனத்த துணி, சறுக்கும் துணி. மாஸ்டர் ஆசை ஆசையாகக் கோடு போட்டார். முன்பக்கம் இரண்டும் வெட்டி முடித்துப் பின்பக்கத்தில் கத்தரியை ஓட்டினார். தொடை வளைவு தாண்டி முழங்கால் பக்கம் வரும்போது கை கனக்க ஆரம்பித்தது. நெற்றியில் வியர்வை. கோடு ஒன்று இரண்டாகத் தெரிந்தது. இன்னும் ஒரு முழம்தான். பல்லைக் கடித்தால் முடித்துவிடலாம். வெட்டத் தொடங்கிய துணியை நடுவில் விட்டு அவர் ஒருநாளும் நகர்ந்ததில்லை. அப்படி விடுகிறவர்களைப் பற்றி அவர் சொல்லும் வசவுகளை இங்கே எழுத முடியாது.

கத்தரி அப்படியே நின்றது. கடையில் சத்தம் குறைந்தது. எதிர் மேசையில் சட்டை மாஸ்டர் காலர் துணியை உற்றுப் பார்ப்பது போல் தலையைக் குனிந்துகொண்டார்.

பேண்ட் மாஸ்டர் கத்தரியை விரித்தபடியே துணியிலிருந்து உருவி எடுத்து, மேசை மேல் வைத்தார்.

"ஜெட்டு."

அவன் வந்து நின்றான்.

"உள் தையலுக்கு அரை இஞ்ச் சேத்துத்தான் போட்டிருக்கேன். நீயா ஒண்ணும் சேக்காத. துணி சறுக்கும், இடது கையால நல்லா அமுக்கிப் பிடிச்சுக்க."

"சரிங்க மாஸ்டர். நீங்க போங்க, நான் பாத்துக்கறேன்."

"பாத்துப்ப, தெரியும்" என்றார் மாஸ்டர். அதைச் சொல்ல அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

முகத்தைக் கழுவிக்கொண்டு படியிறங்கினார். மத்தியானத்துக்கு இன்னும் நேரம் இருந்தது, அதற்குள் தெருவில் வெயில் சுள்ளென்று நின்றது. இந்த நேரத்துத் தெரு எப்படியிருக்கும் என்பதே இருபது வருடமாக அவருக்குத் தெரியாது. நிழலில் ஒரு பழவண்டிக்காரர் தூங்கிக்கொண்டிருந்தார். உள்ளே கத்தரி மறுபடி ஓட ஆரம்பித்த சத்தம் கேட்டது. வேகமாக ஓடியது. முழங்கால் பக்கம் இவ்வளவு வேகம் கூடாதே என்று கால் பாதி திரும்பிவிட்டது. சத்தம் நிதானப்பட்டது. அவர் இன்னும் கொஞ்ச நேரம் காதைக் கொடுத்து நின்றார். பிறகு பஸ் நிற்கும் இடம் நோக்கி, நடுவில் ஒரு தடவை சுவரில் கை ஊன்றி நின்று, நடந்தார்.